தவசி மச்சான் உட்காரும் பக்கம்

சித்திரை 3, ஞாயிறு

இந்த டைரி மரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. இத்தனை நாள் பால் கணக்குகூட எழுதாமல் கிடந்தது. இன்றுதான் எழுத விஷயம் வந்திருக்கிறது. சோணைமுத்து ஆறாவது படித்தவன் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஆறாவதை நான் மூன்று வருஷம் படித்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் எட்டாவது.

காலையில் கயல் வந்தாள். முழுப்பெயர் அங்கயற்கண்ணி. என் அக்கா பவளக்கொடிக்கு ஒரே பிள்ளை. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"மாமா, அந்தக் காரு இன்னும் கெடக்கா?"

"கெடக்காவா? நிக்கிதுன்னு சொல்லு."

கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது என் மோரிஸ் மைனர். நான் இதை வாங்கி ஓட்டி வந்த அன்று எங்கள் பழங்காநத்தமே வாசலில் நின்று பார்த்தது. கலெக்டர் தன் ஜீப்பை ஓரங்கட்டி எனக்கு வழி விட்டார். கலெக்டர் இல்லை, தாசில்தார் என்று என் மனைவி பஞ்சவர்ணம் சொல்லுவாள். ஜீப் ஓரங்கட்டியது உண்மை.

கயல் தார்ப்பாயை விலக்கிக் கதவைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"மாமா, தரை எங்க?"

நியாயமான கேள்விதான். கூரை இருந்தது, கதவுகள் இருந்தன, ஸ்டியரிங் இருந்தது. முன்சீட்டுகளுக்குக் கீழே கால் வைக்கிற தகடு மட்டும் துருப்பிடித்து அப்பளமாக உதிர்ந்து, மண் தெரிந்தது. கிளட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆமணக்குச் செடி முளைத்து ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது.

"பொண்ணழைப்புக்கு நான் இதுலதான் வருவேன் மாமா. காது குத்தயில உங்க மடி கெடைக்கல. இப்ப உங்க காராச்சும் கெடைக்கட்டும்."

நான் ஆமணக்குச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். துரு கண்ணில் விழுந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். அது மாமனுக்கு உள்ள உரிமை, வேறு எவனுக்கும் கிடையாது. கயலுக்குப் பாண்டி கோயிலில் காதுகுத்து. நான் பட்டு வேட்டி கட்டி, சீர்த்தட்டோடு, இந்தக் காரில், இருட்டுப் பிரியும் முன்னே போய் நின்றேன். போய்ப் பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. அவளுடைய அப்பன், என் மச்சான் தவசிலிங்கம், தன் பாத்திரக்கடைக் கூட்டாளி ஒருத்தன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்தி முடித்து, பொங்கலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று திரும்பி வந்து கொட்டகையில் நிறுத்திய கார்தான். அன்றே சொன்னேன்: தவசிலிங்கம் ஒருநாள் ஊர் பார்க்க என் காலைப் பிடிப்பான். பிடிக்க வைப்பேன்.

சித்திரை 4, திங்கள்

கொட்டகையைச் சுத்தம் செய்தேன். பின்சீட்டில் கோழி ஒன்று குடித்தனம் நடத்தியிருக்கிறது. அந்த முட்டைகளை எந்தக் காலத்திலிருந்து யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டதும் பஞ்சவர்ணம் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சித்திரை 7, வியாழன்

தெருமுனைப் பட்டறை பீர்முகமதை அழைத்து வந்தேன். முதல் வேலையாக பேட்டரி, பெட்ரோல் டாங்க், சீட்டுகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். காரை ஜாக்கியில் தூக்கி மரக்கட்டைகள் மேல் நிறுத்தினோம். மூக்கு சுவரைப் பார்க்க நிற்பதால் பின்பக்கமாகத்தான் அடியில் நுழைய முடியும்.

"ரெண்டு பக்கமும் ஒரேயடியா வெட்டுனம்னா பாடி வளைஞ்சிரும்ணே. அப்பறம் கதவு சாத்தாது," என்றான் பீர்முகமது.

அது எனக்கு அவன் பிறப்பதற்கு முன்னாலேயே தெரியும். அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பை வைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தின் துருவை வெட்டினோம். வேலை முழுக்க நான்தான். அவன் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டான், வெட்டினான், தேய்த்தான், அவ்வளவுதான்.

சித்திரை 10, ஞாயிறு

அவன் வந்தான்.

கல்யாணத்துக்குத் தாய்மாமனை நேரில் வந்து தட்டு வைத்து அழைக்க வேண்டும். அதில் குறை வைத்தால் ஊர் காறித் துப்பும். அதனால் வந்தான், அக்காவையும் கூட்டிக்கொண்டு. இத்தனை வருஷத்தில் அக்கா மட்டும் தீபாவளி பொங்கலுக்கு வந்து போவாள். அவன் என் வாசல் மிதித்தது இன்றுதான்.

ஆள் முன்னைவிடப் பெருத்திருந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபோது அது ஒரு மாதிரி முனகியது.

"என்ன மாப்ள, சௌரியமா?"

"இருக்கோம் மச்சான்."

"சாமிக்கு வச்சதுக்கு அடுத்த பத்திரிகை உங்களுக்குத்தேன். பேரு போட்டிருக்கு, பாத்துக்கங்க. பெரிய எழுத்துல."

பார்த்தேன். 'தாய்மாமன் சோணைமுத்து' என்று இருந்தது. அவன் பெயர் அதைவிட ஒரு நூல் பெரிது. நான் அளந்து பார்க்கவில்லை, கண்ணே சொல்லியது.

"கயலு உங்க காருலதேன் வருவேன்னு நிக்கிறா. ஓடுமா மாப்ள, இல்ல தள்ளணுமா? தள்றதா இருந்தா ஆளுகளுக்குச் சோத்துக்குச் சொல்லணும், அதுக்குத்தேன் கேக்குறேன்."

அக்கா அவனைப் பார்த்தாள். பஞ்சவர்ணம் காப்பி டம்ளரை அவன் முன்னால் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். நான் சிரித்துக்கொண்டேன்.

"ஓடும் மச்சான். வெள்ளைக்காரன் செஞ்ச வண்டி."

"அப்பச் சரி. பிள்ளை சேக்காளிகளோட பின்னாடி வரட்டும். முன்சீட்டு எனக்கு. பொண்ணப் பெத்தவன் முன்னாடி உக்காந்து வந்தாத்தேன் ஊர்வலம் பாக்க லட்சணமா இருக்கும்."

அவர்கள் போன பிறகு நாற்காலியை உள்ளே எடுக்கப் போனேன். அதன் ஒரு கால் வெளிப்பக்கமாகப் பிதுங்கி விரிந்திருந்தது. அவன் பாரம். அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த உலகத்தில் பெரிய யோசனைகள் எல்லாம் இப்படித்தான் சின்னச் சாமானைப் பார்த்து வந்திருக்கின்றன. படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சித்திரை 11, திங்கள்

யோசனை இதுதான். கார் ஓட்டுகிறவன் வலதுபக்கம். என் பக்கம். அங்கே கனத்த இரும்புத் தகடு, சுற்றிலும் வெல்டிங், யானை ஏறினாலும் அசையாது. இடதுபக்கம் தவசிலிங்கம் உட்காரும் பக்கம். அங்கே சமையல் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ரிவெட் அடித்து, மேலே பட்டி பூசி, தார் ஷீட் ஒட்டி, சணல் மிதியடி போட்டுவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்று. சும்மா கால் வைத்தால் தாங்கும். அந்த உடம்பு ஊன்றி மிதித்தால் தாங்காது. மேளம் முழங்க, சம்பந்தி வீட்டார் பார்க்க, தவசிலிங்கத்தின் கால் ரோட்டில் நிற்கும்.

கார் நடக்கிற வேகத்தில்தான் போகும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. மானத்துக்கு மட்டும்தான். நான் நியாயஸ்தன்.

சித்திரை 13, புதன்

பஞ்சவர்ணம் எண்ணெய் டின்னைத் தேடினாள். மூடி வைத்த துணியை விலக்கிவிட்டாள். வெட்டி விரித்த தகரத்தில் நான் வெள்ளை பெயிண்டால் 'தவசி' என்று எழுதியிருந்தேன். கனத்த தகட்டில் 'சோணை'. தகடு மாறிப் போகக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை.

அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது.

"அது அந்தப் புள்ள ஊர்வலம்ங்க."

"ஊர்வலம் அவளோடது. விழுகிறது அவன்."

"அப்பன் விழுந்தா மக சிரிப்பாளா?"

"ஊரு சிரிக்கும்."

"நான் ஊரைக் கேக்கல," என்று சொல்லிவிட்டு, எண்ணெயை எதில் ஊற்றி வைத்தேன் என்று கேட்டாள். குடத்தில் என்று சொன்னேன். அதன் பிறகு அவள் சொன்னதை டைரியில் எழுத முடியாது.

சித்திரை 14, வியாழன்

இன்று காரின் அடியில் நானே படுத்துக் குறி போட்டேன். பீர்முகமதை விட்டால் மாற்றிப் போடுவான். பின்பக்கமாக நுழைந்து, மல்லாந்து படுத்து, தலையை இன்ஜின் பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். சாக்பீஸால் என் இடதுகைப் பக்கத்து இரும்புச் சட்டத்தில் 'த', வலதுகைப் பக்கத்துச் சட்டத்தில் 'சோ'. இடது கை எது, வலது கை எது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒருத்தன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

பீர்முகமது வந்து இரண்டு தகட்டையும் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணே, ஒரு பக்கம் பதினெட்டு கேஜு கனத்த தகடு. ஒரு பக்கம் எண்ணெ டின்னு. வெளங்கலையே."

"எடை சமன்பாடு. வெள்ளைக்காரன் அப்படித்தான் வச்சிருந்தான்."

"டின்னுல நெருப்பக் காட்டுனா பொத்துப்போகும்ணே."

"அதுனாலதான் ரிவெட்டுங்குறேன். அந்தப் பக்கம் சும்மா சாமான் வைக்கத்தான். எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கணும், மேல தெரியக் கூடாது."

"தவசின்னா யாருண்ணே?"

"டின்னுக் கம்பெனி."

அவன் குனிந்து என் குறியைப் பார்த்தான். எழுந்து காருக்குள் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"அண்ணே, ஒருக்கா மேல வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன். நீங்க குறி போட்டிருக்க பக்கம் வந்து..."

"மேல வந்து பாக்குறவன் கத்துக்குட்டி. அடியில படுத்தவனுக்குத்தான் தெரியும். குறிப்படி செய்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, "சரிண்ணே. உங்க காரு, உங்க காலு," என்றான்.

மரியாதை தெரிந்த பையன்.

சித்திரை 18, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே வைகையில். பீர்முகமது பட்டறையும் பூட்டு. நான் போகவில்லை. தார் ஷீட் வாங்க வேண்டியிருந்தது, கடையும் பூட்டு.

சித்திரை 22, வெள்ளி

தரை முடிந்தது. நான் டீக்கடைக்குப் போய் வருவதற்குள் பீர்முகமது பட்டி தேய்த்து, துருத் தடுப்புச் சாயம் அடித்து, இரண்டு பக்கமும் தார் ஷீட் ஒட்டி முடித்திருந்தான். நான் சொல்லிவிட்டுப் போனபடியே. மேலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் எது என்று கடவுளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

டீக்கடையில் இந்தத் தரையைப் பற்றிச் சொன்னேன். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து என்னிடம் தொழில் கற்க நிற்கிறான் என்றும் சொன்னேன். வரத்தானே போகிறான்.

சித்திரை 24, ஞாயிறு

கயல் அதிரசம் கொண்டுவந்தாள். காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்டில் அவள் முகம் தெரிந்தது. காதில் புதுத் தோடு. அதையும் கார்க் கதவிலேயே பார்த்துக்கொண்டாள்.

"அப்பா பட்டு வேட்டி எடுத்துட்டாரு மாமா. கடைக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்றாரு, எங்க மாப்ள காருல முன்னாடி உக்காந்து வரப்போறேன்னு."

"நடிப்பு."

"என்ன மாமா?"

"துடிப்பான ஆளுன்னேன்."

பிறகு அவளாகவே சொன்னாள். "காதுகுத்தன்னைக்கு நான் மாமா மாமான்னு அழுதேனாம். காது குத்துற ஆசாரி நல்ல நேரம் போகுது போகுதுன்னாராம். அம்மா ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்களாம்."

"நான் வந்துட்டேன். கூட்டம் விடல. எரநூறு பேரு வழிய மறிச்சு நின்னாய்ங்க. ஒவ்வொருத்தனா விலக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"இருட்டோட வந்து நின்னேன்னு சொன்னீங்களே?"

"இருட்டுல எரநூறு பேரு."

அவள் சிரித்தாள். அப்புறம், "நாஞ் சின்னப் பிள்ளையில இந்தக் கொட்டகைக்கு வந்து இதுக்குள்ள உக்காந்திருப்பேன் மாமா. உங்களுக்குத் தெரியாது," என்றாள்.

பஞ்சவர்ணம் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். நான் மிதியடியை எடுத்து உதறினேன்.

மத்தியானத்துக்கு மேல் வேலை செய்யப் பிடிக்கவில்லை. வெயில் கூடுதல். இடதுபக்கத்தைப் பிரித்துக் கனத்த தகடு போட எத்தனை நாள் ஆகும் என்று பீர்முகமதிடம் கேட்டு வைத்தேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சித்திரை 25, திங்கள்

காலையில் பாத்திரக்கடை வழியாகப் போனேன். தவசிலிங்கம் வாசலில் நின்று யாரிடமோ, "எங்க மாப்ள காரு நாலு சக்கரத்துல ஓடும், மூணு பேரு தள்ளுவாய்ங்க," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் இருப்பது அவனுக்குத் தெரியாது.

எதையும் பிரிக்கப்போவதில்லை.

வைகாசி 2, செவ்வாய்

கார் தெருவில் ஓடியது. பைபாஸ் வரை போய் வந்தோம். ஒரு லாரிக்காரன் லாரியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டான். இடதுபக்கம் பஞ்சவர்ணத்தை உட்கார வைத்திருந்தேன். அவள் எடைக்கு ஆபத்தில்லை, இருந்தாலும் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் நன்றாக ஊன்றி வைத்துக்கொண்டாள். வீம்பு.

"ஏங்க, உங்க காலடியில டப்பு டப்புன்னு டின்னு மாதிரி கேக்குது."

"இன்ஜின் எதிரொலி."

"என் பக்கம் கேக்கலையே."

"காதைச் சுத்தம் பண்ணு."

வீடு வந்தது. இறங்கும்போது மிதியடியைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். சுற்றி வந்து என் பக்கமும் தட்டினாள். "அன்னைக்கு மெதுவா, காலை அமுத்தாம ஓட்டுங்க. சொல்லிட்டேன்," என்றாள். எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறாள்.

வைகாசி 9, செவ்வாய்

நாளைக்கு.

வைகாசி 10, புதன்

எழுத நேரமில்லை. காலில் சின்னக் கட்டு.

வைகாசி 12, வெள்ளி

நேற்றுக் கல்யாணம் சிறப்பாக முடிந்தது. இப்போது முந்தாநாள் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். ஊரில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். அவர்கள் வெளியே நின்று பார்த்தவர்கள். நான் காருக்குள் இருந்தவன்.

பிள்ளையார் கோயிலில் இருந்து மண்டபத்துக்குப் பெண்ணழைப்பு. சாயங்காலம். காருக்கு முன்னால் பேண்டு செட். பின்சீட்டில் கயலும் அவள் சேக்காளிகள் இரண்டு பேரும். நான் ஸ்டியரிங்கில். தவசிலிங்கம் பட்டு வேட்டி, தோளில் பட்டுத் துண்டு, சந்தனம், எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, இடதுகாலை உள்ளே வைத்து, மொத்த உடம்பையும் அதன் மேல் ஏற்றி உள்ளே வந்தான்.

நான் மனதுக்குள் பாண்டிச் சாமியைக் கும்பிட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை.

கார் அந்தப் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. அவன் உட்கார்ந்தான். வழியில் இருந்த வேகத்தடை ஒன்றையும் நான் விடவில்லை. குழி இருந்த இடமெல்லாம் இடதுசக்கரத்தை அதில் இறக்கினேன். அவன் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "ரோடு மோசம் மாப்ள, வண்டி நல்லாருக்கு," என்றான்.

மண்டபம் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் மொத்தமும் வாசலில். ஆரத்தித் தட்டோடு பெண்கள். நான் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்தேன். அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். விட்டால் போனது.

"என்ன மச்சான், இம்புட்டுப் பாடுபட்டுத் தரை போட்டிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லாம எறங்குறீக."

"நல்லாருக்கு மாப்ள. சொன்னேன்ல."

"கண்ணால பாத்தா தெரியாது. மிதிச்சுப் பாருங்க."

லேசாகத் தட்டினான்.

"எறும்பையா மிதிக்கிறீக? ஓங்கி மிதிங்க. பாத்திரக்கடைக்காரருக்குத் தகடு தெரியாதா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்து ஓங்கி ஒரு மிதி மிதித்தான். கார் அதிர்ந்தது. தரை கோயில் கல் மாதிரி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம். இத்தனை வேலை.

"இது ஒரு மிதியா மச்சான்? இப்படி மிதிக்கணும்," என்று என் வலதுகாலைத் தூக்கி நான் காட்டினேன்.

சாயங்காலமாகியும் தார் ரோட்டில் சூடு ஆறவில்லை. பாதம் பட்டவுடனே தெரிந்தது.

பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். டிரம்காரன் கடைசியாக நிறுத்தினான். என் கால் கெண்டைச்சதை வரைக்கும் கார்த் தரைக்குக் கீழே இருந்தது. மேலே இழுத்தால் கிழிந்த தகரம் மீன்பொறி மாதிரி சதையைக் கவ்வியது. பீர்முகமது எந்தப் பக்கத்தில் எதை வைத்தான் என்பது வேறு விஷயம். அதை அவனோடு பேசிக்கொள்கிறேன்.

நான் கத்தவில்லை. கத்தியது பேண்டு செட்டில் ஒருவன்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "பொண்ணு எறங்கி உள்ள போகட்டுங்க. நல்ல நேரம் முடியப் போகுது. இவரப் பின்னால பாத்துக்கலாம்."

பின்னாலிருந்து கயல் சொன்னாள். "மாமா எறங்காம நான் எறங்க மாட்டேன்."

"நேரம் போகுதும்மா."

தவசிலிங்கம் அதற்குள் இறங்கியிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"போகட்டும். தாய்மாமன் வரணும். முன்ன ஒருக்கா நான் நேரம் பாத்துட்டேன்."

அந்தப் பெரியவரே ஆரத்திப் பெண்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

மச்சான் சின்ன வயதில் பாத்திரப் பட்டறையில் தகடு தட்டியவர். மண்டபத்துச் சமையல்கட்டிலிருந்து தகரம் வெட்டுகிற கத்திரி வந்தது. அதை வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டியோடு, அந்த உடம்போடு, ரோட்டில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் போனார். கத்திரி தகரத்தில் ஒரு தடவை உரசி நின்றது. பிறகு ஓட்டை வழியாக அவர் குரல் வந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"மாப்ள."

"ம்."

"இதுல என் பேரு போட்டிருக்கு."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். ஆரத்தியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"டின்னுக் கம்பெனி மச்சான்."

"ஓகோ." கத்திரி ஒரு வெட்டு வெட்டியது. "நல்ல கம்பெனி. காலை ஆட்டாதீக."

ஒரு கையால் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுற்றிலும் வெட்டினார். அவசரப்படவே இல்லை. வெளியே வந்தபோது முதுகெல்லாம் தாரும் எண்ணெயும். பட்டுத் துண்டைக் கிழித்து என் காலில் கட்டியதும் அவர்தான். கயல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை அழைத்துப் போனேனா, அவள் என்னை அழைத்துப் போனாளா என்று ஊரில் பேசிக்கொள்ளட்டும். ஆரத்தி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எடுத்தார்கள்.

ஆகவே டைரியில் பதிந்து வைக்கிறேன். வைகாசி பத்தாம் தேதி, நடுரோட்டில், சம்பந்தி வீடு முழுக்கப் பார்க்க, தவசிலிங்கம் படுத்துக்கிடந்து என் காலைப் பிடித்தார். நான் சொன்னது நடந்தது.

பஞ்சவர்ணத்திடம் இதைச் சொன்னேன். மஞ்சள் வைத்துக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மட்டும் மிதிக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது," என்றாள்.

வைகாசி 13, சனி

பீர்முகமது வந்தான். "நான் அப்பவே மேல வந்து பாருங்கன்னேன்ணே," என்று ஆரம்பித்தான். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வைகாசி 21, ஞாயிறு

மச்சான் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை ஒதுக்கிவிட்டு மர நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், வெட்டி எடுத்த தகரம். கையைக் கிழிக்காதபடி நாலு ஓரத்தையும் மடித்துத் தட்டியிருக்கிறார். நல்ல கைவேலை. நடுவில் 'தவசி' அப்படியே இருந்தது.

"உங்க பொருளு மாப்ள. கடையில மாட்டலாம்னு பாத்தேன். வர்றவய்ங்க எல்லாம் கதை கேப்பாய்ங்க. எனக்கு உங்க அளவுக்குச் சொல்ல வராது."

நான் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். கொல்லையில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. அவர் காப்பியை ஆற்றினார்.

"கயலுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பொறந்து காது குத்துன்னா மடிக்கு ஆளு வேணும். நீங்கதேன் உக்காரணும்."

"உக்காந்துட்டாப் போச்சு."

"பஸ்ஸுல வந்துருங்க மாப்ள."

"ஏன்?"

"காருன்னா தெருத்தெருவா நிறுத்தி ஊருக்குக் காட்டிட்டு வருவீக. அன்னைக்கும் அப்படித்தேன். ஆசாரி ஒரு பக்கம், உங்க அக்கா அழுகை ஒரு பக்கம். உச்சி வெயிலுக்கு வந்து எறங்குனீக, போட்டோக்காரனோட."

அடுப்படியில் பஞ்சவர்ணம் இருமினாள். அது இருமல் இல்லை.

எனக்கு அவர் சொல்வது ஞாபகம் இல்லை. போட்டோக்காரன் தானாக வந்து ஏறியிருக்க வேண்டும்.

அவர் எழுந்து போகும்போது கொட்டகைப் பக்கம் போய், காரை ஒரு சுற்றுச் சுற்றி, தன் பக்கத்துத் தரையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். "இது நல்ல தகடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் போவதாம். நானா?

பீர்முகமதுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். என் பக்கத்துக்கும் கனத்த தகடு, சுற்றிலும் வெல்டிங். இந்த முறை மேலே ஏறி நின்று பார்த்துவிட்டுத்தான் குறி போடப்போகிறேன். கத்துக்குட்டித்தனம்தான். ஆனால் என் மடியில் உட்காரப்போகிற பிள்ளை இந்தக் காரில்தான் கோயிலுக்கு வரும், நல்ல நேரத்துக்கு முன்னாலேயே வரும்.

முன்சீட்டு பஞ்சவர்ணத்துக்கு. தவசி மச்சான் இனிமேல் பின்னால் உட்காரட்டும். பின்சீட்டுத் தரையை நாங்கள் இன்னும் பிரித்தே பார்க்கவில்லை. அதுவும் அந்தக் காலத்துத் தகடுதான்.